சின்ன ட்ரெய்லரில் நிம்மதியாகத் தூங்க, பொழுது சாயும் முன் செய்ய வேண்டியவை

காரின் பின்னால் இழுத்துக்கொண்டு போய்த் தங்கும் ட்ராவல் ட்ரெய்லர் புதிதாக வாங்கும் நம் ஆட்கள் முதலில் கேட்பது எந்த மெத்தை வாங்கலாம் என்றுதான். மெத்தை முக்கியம்தான், அதற்கும் வருகிறேன். ஆனால் 17 அடி நீளப் பெட்டிக்குள் நான், மனைவி, மகன் என்று மூன்று பேர் ஆறு வருடமாகப் படுத்து எழுந்த அனுபவத்தில் சொல்கிறேன், சாயங்காலம் 5 மணிக்கு வண்டியை எங்கே நிறுத்தினீர்கள், எப்படி நிறுத்தினீர்கள், எந்த ஜன்னலைத் திறந்து வைத்தீர்கள் என்பதிலேயே அன்றைய ராத்தூக்கம் பாதிக்கு மேல் முடிவாகிவிடுகிறது. ஆயிரம் டாலர் மெத்தையைப் போட்டுவிட்டு, தலைப்பக்கம் இரண்டு அங்குலம் தாழ்ந்து நிற்கும் வண்டியில் படுத்தால் விடிய விடிய தலை பாரமாகத்தான் இருக்கும்.

நாங்கள் இருப்பது டெக்சாஸில், ஹூஸ்டன் பக்கம். எங்கள் பயணங்கள் பெரும்பாலும் ஒன்று பாட்ரே தீவுக் கடற்கரைக்கு, இல்லையென்றால் மேற்கே பிக் பெண்ட் மலைகளுக்கு. கடற்கரையில் பிசுபிசுக்கும் ஈரக்காற்று, மலையில் வறண்ட குளிர். இரண்டிலும் தூங்கிப் பழகியதில் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

இடம் பிடிப்பதில் ஆரம்பிக்கலாம். முன்பதிவு செய்யும்போதே, ட்ரெய்லர்கள் தங்கும் கேம்ப்கிரவுண்டின் வரைபடத்தைப் பாருங்கள். கழிப்பறைக்கு நேர் எதிரே உள்ள இடம் வசதி என்று தோன்றும், ராத்திரி இரண்டு மணிக்கு அந்த இரும்புக் கதவு அடித்துச் சாத்தும்போதுதான் தெரியும். நுழைவாசலுக்கு அருகில் இருந்தால் தாமதமாக வருகிற ஒவ்வொரு வண்டியின் ஹெட்லைட்டும் உங்கள் சுவரைத் தடவிக்கொண்டு போகும். அப்புறம் ரயில் பாதை. இதை யாரும் யோசிப்பதில்லை. அமெரிக்காவில் ரோடு குறுக்கிடும் இடங்களில் ரயில் இரண்டு நீளம், ஒரு குட்டை, மறுபடி ஒரு நீளம் என்று ஹாரன் அடித்தாக வேண்டும், விதிவிலக்கு வாங்கிய சில ஊர்களைத் தவிர. பிக் பெண்ட் போகும் வழியில் ஆல்பைன் போல ஊர் நடுவே பாதை ஓடும் ஊர்களில் தங்குவதாக இருந்தால், செயற்கைக்கோள் படத்தைத் திறந்து தண்டவாளம் எவ்வளவு தூரம் என்று பார்த்துவிட்டுப் பதிவு செய்யுங்கள். ஒரு மைல் தள்ளிப் போனாலே நல்ல வித்தியாசம் தெரியும்.

மர நிழல் கோடையில் வரப்பிரசாதம். ஆனால் கருவாலி மரத்தடியில் இலையுதிர்காலத்தில் நிறுத்தினால் ராத்திரி முழுக்கக் கூரையில் கொட்டை விழும், மெல்லிய கூரை அதை முரசு மாதிரி காட்டும். மழை பெய்தால் வானம் வெளுத்த பிறகும் ஒரு மணி நேரத்துக்கு மரம் சொட்டிக்கொண்டே இருக்கும். பட்டுப்போன கிளைக்குக் கீழே மட்டும் எந்தக் காலத்திலும் நிறுத்தாதீர்கள், அது தூக்கத்தைத் தாண்டிய விஷயம். ஆற்றங்கரையை ஒட்டிய பள்ளமும் பார்க்க அழகாக இருக்கும், ஆனால் காற்றில்லாத ராத்திரியில் குளிர்காற்று கீழே இறங்கி அங்கேதான் தேங்கும். இருபது அடி மேட்டில் இருக்கும் பக்கத்து இடம் இதமாக இருக்கும்.

இடத்துக்குள் வண்டியை விட்டாயிற்று. இப்போது மட்டம். கொத்தனார் வைத்திருப்பது போல ஒரு ரசமட்டம், ஒரு அடி நீளத்தில் போதும், கதவுக்குப் பக்கத்தில் எப்போதும் இருக்கட்டும். வண்டி வாங்கும்போது வெளியே ஒட்டியிருக்கும் சின்னக் குமிழி மீட்டரை நம்ப வேண்டாம், ரசமட்டத்தைப் படுக்கைப் பலகை மேலேயே வைத்துப் பாருங்கள், நாம் படுக்கப் போவது அங்கேதான். வரிசை முக்கியம். முதலில் இடம் வலம். எந்தப் பக்கம் தாழ்ந்திருக்கிறதோ அந்தப் பக்கச் சக்கரத்துக்கு அடியில் பிளாஸ்டிக் கட்டைகளையோ பலகையையோ வைத்து, காரால் மெதுவாக இழுத்து ஏற்றுங்கள். இதைக் காரிலிருந்து கழற்றுவதற்கு முன்பே செய்ய வேண்டும், கழற்றிய பிறகு ஏற்ற வழியில்லை. பிறகு இரண்டு பக்கச் சக்கரத்துக்கும் முன்னும் பின்னும் ஆப்பு வைத்து இறுக்குங்கள். அதற்கப்புறம்தான் காரோடு இணைக்கும் ஹிட்ச்சைக் கழற்றுவது. முன் பின் மட்டத்தை முன்னால் இருக்கும் ஜாக்கைச் சுற்றிச் சரி செய்துகொள்ளலாம். நான் தலைப்பக்கம் ஒரு விரல்கடை உயர்ந்திருக்கும்படி விடுவேன், எதுக்களிப்பு உள்ளவர்களுக்கும் அது நல்லது. ஆனால் கேஸில் ஓடும் பழைய வகை ஃப்ரிட்ஜ் இருந்தால் அதிகம் சாய்க்கக் கூடாது, அதற்குள் ஓடும் அம்மோனியாக் கரைசல் கீழிறங்கிச் சுற்றி வர மட்டம் தேவை.

மட்டம் சரியானதும் ஆட்டத்தை நிறுத்த வேண்டும். ஒற்றை அச்சு வண்டியில் ஒருவர் புரண்டு படுத்தால் மற்ற இருவரும் கப்பலில் போவது போல் ஆடுவார்கள். நான்கு மூலையிலும் இருக்கும் ஜாக்குகளை இறக்கி, தரையைத் தொட்ட பிறகு இன்னும் அரைச் சுற்றோ ஒரு சுற்றோ மட்டும் கொடுங்கள். அவை முட்டுக் கொடுக்கத்தான், வண்டியைத் தூக்க அல்ல; தூக்கினால் சட்டம் வளையும், கதவு சரியாகச் சாத்தாது. மணல் தரையில் ஒவ்வொரு ஜாக்குக்கும் கீழே ஒரு பலகைத் துண்டு வையுங்கள், இல்லையென்றால் நள்ளிரவில் ஒரு மூலை மெதுவாக இறங்கும். ஒரே ஒரு ராத்திரி தங்கல், தரையும் மட்டமாக இருக்கிறது என்றால் நான் காரிலிருந்து கழற்றுவதே இல்லை. கார் பிடித்துக்கொண்டிருக்கும்போது ஆட்டம் பாதியாகக் குறைந்துவிடும், காலையில் அரை மணி நேர வேலையும் மிச்சம்.

அடுத்தது ஓதம். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் சின்ன ட்ரெய்லரில் தூக்கத்தைக் கெடுப்பதில் முதலிடம் இதற்குத்தான், ஆனால் பலர் இதைக் குளிர் என்று நினைத்து ஹீட்டரை இன்னும் கூட்டுகிறார்கள். மூன்று பேர் எட்டு மணி நேரம் மூச்சு விட்டால் அந்த ஈரம் எங்கேயாவது போயாக வேண்டும். வீட்டில் அது தெரியாது. இந்தச் சின்னப் பெட்டிக்குள் அது ஜன்னல் கண்ணாடியிலும், அலுமினியச் சட்டத்திலும், மெத்தைக்கு அடியிலும் போய் நீராகப் படிகிறது. எங்கள் முதல் குளிர்காலத்தில் நான்கு நாள் பயணம் முடிந்து வீட்டுக்கு வந்து மெத்தையைத் தூக்கினேன், அடிப்பலகை ஊறிப்போய், மெத்தையின் அடியில் உள்ளங்கை அளவுக்குக் கறுப்புப் பூஞ்சை. நான்கு நாளும் காலையில் மகன் மூக்கடைப்போடு எழுந்ததற்குக் காரணம் அப்போதுதான் புரிந்தது. இன்றும் அதை நினைத்தால் எனக்கு மனசு கஷ்டப்படும், மூன்று வயதுப் பிள்ளையை அதன் மேல் படுக்க வைத்திருக்கிறோம்.

செய்ய வேண்டியது இரண்டு. ஒன்று, எவ்வளவு குளிரானாலும் கூரையில் காற்றுப் போக இருக்கும் வென்ட்டை ஒரு அங்குலமும், தலைப்பக்கம் இல்லாத ஒரு ஜன்னலை அரை அங்குலமும் திறந்து வையுங்கள். குளிர் உள்ளே வருமே என்று தோன்றும். வரும்தான், கொஞ்சம். ஆனால் உலர்ந்த 15 டிகிரி செல்சியஸ் அறையில் கம்பளிக்குள் கிடைக்கும் தூக்கம், சுவர் வேர்த்து வழியும் 22 டிகிரி அறையில் கிடைக்காது. இரண்டு, மெத்தைக்குக் கீழே காற்றோட வழி செய்யுங்கள். மரச்சட்டங்களைக் கட்டில் போல இடைவெளி விட்டு அடிக்கலாம், அல்லது இதற்கென்றே விற்கும் முக்கால் அங்குல பிளாஸ்டிக் வலைப்பாய் வாங்கி விரிக்கலாம். நான் பலகையில் இரண்டு அங்குல ஓட்டைகள் போட்டு அதன் மேல் வலைப்பாய் விரித்தேன், அதற்கப்புறம் இந்த மூன்று வருடத்தில் பூஞ்சை இல்லை. காலையில் எழுந்ததும் போர்வையை மடித்து வைக்காமல் விலக்கிப் போட்டு, மெத்தையின் ஒரு பக்கத்தைத் தூக்கி முட்டுக் கொடுத்துவிட்டுக் காப்பி போடப் போங்கள். ஒரு மணி நேரம் போதும்.

சமையலும் இதில் சேர்த்திதான். அடுப்பில் ஒரு கிலோ ப்ரொப்பேன் கேஸ் எரிந்தால் ஒன்றரை கிலோவுக்கு மேல் தண்ணீர் ஆவியாக வெளியே வருகிறது, அது போக சோறு கொதிக்கும் ஆவி. ராத்திரிச் சாப்பாட்டை முடிந்த வரை வெளியே மேஜையில் அடுப்பு வைத்து முடித்துவிடுங்கள். தாளிப்பை உள்ளே செய்தால் மிளகாய் நெடியில் புகை அலாரம் கத்தும் என்பது ஒன்று, அந்த வாசம் போர்வையிலும் தலையணையிலும் ஏறி இரண்டு நாளைக்குப் போகாது என்பது இன்னொன்று. ஈரத் துண்டுகளையும் நீச்சல் உடைகளையும் உள்ளே காயப் போட வேண்டாம், வெளியே கயிறு கட்டுங்கள்.

இப்போது குளிர். ட்ரெய்லரோடு வரும் ப்ரொப்பேன் ஹீட்டர், அதாவது ஃபர்னஸ், எரிவதற்கான காற்றை வெளியிலிருந்து எடுத்துப் புகையை வெளியே விடும், அதனால் அது உள்ளே ஈரத்தைச் சேர்ப்பதில்லை. ஆனால் அதன் விசிறி பேட்டரியில் ஓடுகிறது. மின் இணைப்பு இல்லாத இடத்தில் இதுதான் சிக்கல். சாதாரண 80 ஆம்பியர்-மணி லெட் ஆசிட் பேட்டரியில் பாதியைத்தான் பாதுகாப்பாகப் பயன்படுத்தலாம், அதாவது 40. விசிறி 3 ஆம்பியர் எடுக்கிறது, பத்து மணி நேரத்தில் பாதி நேரம் ஓடுகிறது என்றால் 15 போய்விடும், கூடவே விளக்கு, தண்ணீர் பம்ப். பெரிய ஃபர்னஸ் என்றால் இரண்டு மடங்கு. படுப்பதற்கு முன் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு வோல்ட்மீட்டர் பாருங்கள், 12.6 என்றால் நிறைவு, 12.1 பக்கம் வந்தால் பாதி. 12.3 இருக்கும்போது தெர்மோஸ்டாட்டை 70 ஃபாரன்ஹீட்டில் வைத்துத் தூங்கினால் அதிகாலை நான்கு மணிக்கு ஃபர்னஸ் நின்றுபோய் எல்லோரும் எழுந்துவிடுவீர்கள். நாங்கள் 58, 60 என்று வைத்துவிட்டுப் போர்வையைக் கூட்டிக்கொள்கிறோம். மின் இணைப்பு உள்ள இடமென்றால் சின்ன செராமிக் ஹீட்டர் சத்தம் குறைவு, ப்ரொப்பேனும் மிச்சம். 1500 வாட் ஹீட்டர் 12.5 ஆம்பியர் இழுக்கும், அதனால் நேராகச் சுவர் பிளக்கில்தான் செருக வேண்டும், மெல்லிய நீட்டிப்பு வயர் சூடாகித் தீப்பிடிக்கும். துணி எதுவும் மூன்று அடிக்குள் இருக்கக் கூடாது.

சமையல் அடுப்பைப் பற்ற வைத்துவிட்டு அறையைச் சூடாக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ஒவ்வொரு வருடமும் மனிதர்கள் தூக்கத்திலேயே கார்பன் மோனாக்சைடால் இறந்துபோகிறார்கள், அதற்கு வாசனை கிடையாது, நிறம் கிடையாது. படுக்கும் இடத்துக்குப் பக்கத்தில் கார்பன் மோனாக்சைடு அலாரம் வேலை செய்கிறதா என்று பொத்தானை அழுத்திப் பாருங்கள், பின்னால் அச்சிட்டிருக்கும் காலாவதித் தேதியையும் பாருங்கள், பழைய வண்டி வாங்கியவர்கள் முதல் நாளே புதிது மாற்றுங்கள். ப்ரொப்பேன் காற்றைவிட கனமானது, கசிந்தால் தரையில் தேங்கும், அதனால்தான் கேஸ் கசிவுக்கான அலாரம் தரைக்கு அருகில் இருக்கிறது, அதன் முன்னால் பெட்டியோ செருப்போ அடுக்காதீர்கள். டெக்சாஸில் இன்னொன்று: மண் கூடு கட்டும் குளவிகளுக்கு ஃபர்னஸின் புகைவாய் பிடித்த இடம். கம்பி வலை மூடி பத்து, பதினைந்து டாலருக்குக் கிடைக்கிறது. ஆனால் சில ஃபர்னஸ்களுக்கு மூடி பொருந்தாது, கையேட்டைப் பார்த்துவிட்டு மாட்டுங்கள். ஜெனரேட்டர் வைத்திருந்தால் அது ஜன்னலுக்கு அடியில் ஓடக் கூடாது, உங்களுடையதும் பக்கத்து வண்டியுடையதும்.

வானிலை பார்க்கும்போது ஊர்ப் பெயரைப் போடாமல் கேம்ப்கிரவுண்டின் உயரத்தைப் பாருங்கள். பிக் பெண்டில் ரியோ கிராண்ட் வில்லேஜ் 1850 அடி, சிசோஸ் பேசின் 5400 அடி, இரண்டும் ஒரே பூங்காதான். ஆயிரம் அடி ஏறினால் பொதுவாக 3 முதல் 5 டிகிரி ஃபாரன்ஹீட் குறையும் என்று கணக்குப் போட்டால் எத்தனை கம்பளி எடுக்க வேண்டும் என்பது தெரிந்துவிடும். கொலராடோ பக்கம் 8000 அடிக்கு மேல் முதல் இரவே போய்ப் படுத்தால் மூச்சின் தாளம் மாறி அடிக்கடி விழிப்பு வரும், அது வண்டியின் குறை இல்லை. வழியில் 5000 அடியில் ஒரு ராத்திரி தங்கிப் போங்கள்.

வெயில் காலத்தில் கூரை ஏசியைத் தவிர்க்க முடியாது. சத்தம் அதிகம்தான், ஆனால் நம்மை எழுப்புவது சத்தத்தைவிட அது நின்று நின்று கிளம்புவது. விசிறியை ஆட்டோவில் விடாமல் தொடர்ந்து ஓடும்படி வைத்தால் சத்தம் ஒரே சீராக இருக்கும், காது பழகிவிடும். பாட்ரே தீவு மாதிரி ஈரமான இடத்தில் மட்டும் இது சரிப்படாது, கம்ப்ரஸர் நின்றிருக்கும்போது விசிறி ஏசிக்குள் படிந்த ஈரத்தையே திரும்ப உள்ளே ஊதும், அங்கே ஆட்டோதான். ராத்திரி வெளியே 75 ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே இறங்கினால் ஏசியை நிறுத்திவிட்டு, கூரை விசிறியை வெளியே ஊதும்படி வைத்து, தலைமாட்டு ஜன்னலை மட்டும் திறந்து மற்ற எல்லாவற்றையும் மூடுங்கள். ஒரே ஒரு வழியாகக் காற்று உள்ளே வர வேண்டியிருப்பதால் அந்த ஜன்னலில் நல்ல காற்று வீசும், மொட்டை மாடியில் படுத்தது போல இருக்கும். ஒன்று கவனியுங்கள், விசிறி ஓடும்போது டாய்லெட்டை ஃப்ளஷ் செய்தால் தொட்டியின் நாற்றத்தை உள்ளே இழுக்கும். நிறுத்திவிட்டுச் செய்யுங்கள்.

சரி, மெத்தை. ட்ரெய்லரில் குயீன் என்று எழுதியிருப்பது பெரும்பாலும் 60க்கு 75 அங்குலம், வீட்டுக் குயீன் 60க்கு 80. ஐந்து அங்குலம் குறைவு. ஆறடிக்கு மேல் உயரமானவர்கள் வாங்குவதற்கு முன் கடையிலேயே பத்து நிமிடம் நீட்டிப் படுத்துப் பாருங்கள், விற்பவர் என்ன நினைப்பாரோ என்று கூச்சப்பட வேண்டாம். சாப்பாட்டு மேஜையை இறக்கிப் படுக்கையாக்கும் வகை என்றால், நம் ஊர் ரயிலில் சைடு லோயர் பெர்த்தில் படுத்தவர்களுக்கு அந்தப் பிரச்சினையைச் சொல்லவே வேண்டாம், நடுவில் இரண்டு இருக்கையும் சேரும் இடம் சரியாக இடுப்பில் வந்து குத்தும். குஷன்களின் அடியில் ரப்பர் வலை விரித்தால் நகராது, மேலே விரிக்கும் மூன்று அங்குல மெல்லிய மெத்தை, டாப்பர், போட்டால் இடைவெளி தெரியாது. மெமரி ஃபோம் குளிரில் பலகை மாதிரி இறுகிவிடும் என்பதால் குளிர்காலப் பயணிகளுக்கு லேட்டெக்ஸ் மேல். வெளிநாட்டில் இலவம்பஞ்சு கிடைத்தாலும் ட்ரெய்லருக்கு வேண்டாம், ஈரம் கோத்தால் காய வைக்க வழியில்லை. தலையணையை வீட்டிலிருந்து கொண்டுபோங்கள். தினமும் தலை வைக்கும் தலையணை இருந்தால் புது இடத்தில் கண் சீக்கிரம் சொருகும், குழந்தைகளுக்கு இது இன்னும் உண்மை.

வெளிச்சத்துக்கு மலிவான வழி, வெள்ளி நிறக் குமிழித் தாளை ஜன்னல் அளவுக்கு வெட்டிச் செருகுவது. பக்கத்து இடத்தின் விளக்கும் வராது, வெயிலும் குளிரும்கூடக் கொஞ்சம் தடுக்கப்படும். கூரை வென்ட் 14 அங்குலச் சதுரம், அதற்கென்றே குஷன் விற்கிறார்கள்; ஆனால் முழுக்க அடைத்துவிடாமல் ஓரம் விட்டு வையுங்கள், மேலே சொன்ன காற்றுக்காக. அலாரம், ரேடியோ இவற்றின் நீலப் புள்ளி விளக்குகள் மேல் கறுப்பு டேப்பில் ஒரு துண்டு. சத்தத்துக்கு, தேசியப் பூங்காக்களில் ராத்திரி 10 முதல் காலை 6 வரை அமைதி நேரம், அதற்குள் ஜெனரேட்டர் ஓடினால் போய்ப் பணிவாகச் சொல்லலாம், பெரும்பாலும் நிறுத்திவிடுவார்கள். படுக்கும் முன் தண்ணீர் பம்பை அணையுங்கள். எங்கேயாவது சொட்டு ஒழுகினாலும் அழுத்தம் குறைந்து மூன்று மணிக்கு அது உறுமி எழுப்பும். பாத்திரங்களுக்கு நடுவே துணி வையுங்கள், வெளியே விரித்த மறைப்புக் கூரையைச் சுருட்டிவிடுங்கள், ராத்திரிக் காற்றில் அது படபடத்தால் உள்ளே யாரும் தூங்க முடியாது, காற்று பலமானால் பிய்த்துக்கொண்டும் போகும்.

பாத்ரூம் வழியில் தரையோரம் மஞ்சள் அல்லது சிவப்பு நிறத்தில் மங்கலான விளக்கு ஒன்று இருந்தால் யாரும் பெரிய விளக்கைப் போட்டு எல்லோரையும் எழுப்ப வேண்டியதில்லை. அடிக்கடி எழுபவர் கதவுப் பக்கம் படுக்கட்டும், சுவர்ப் பக்கம் படுத்து மற்றவரைத் தாண்டிப் போவதால்தான் பாதிச் சண்டை. மூச்சுக் கருவி (CPAP) வைத்துத் தூங்குபவர்கள் அதற்கான 12 வோல்ட் வயர் வாங்கி, காற்றை ஈரமாக்க அதிலிருக்கும் சூடாக்கியை அணைத்து வைத்தால் பேட்டரி தாங்கும், அதைக் கிளம்புவதற்கு முன் வீட்டில் சோதித்துப் பார்த்துவிட வேண்டும்.

உண்மையில் எல்லாவற்றையுமே வீட்டில் சோதிக்கலாம். முதல் பயணத்துக்கு ஒரு வாரம் முன்னால், வெள்ளிக்கிழமை ராத்திரி, வீட்டு வாசலிலேயே ட்ரெய்லரை மட்டம் பார்த்து நிறுத்தி, மின் இணைப்புக் கொடுக்காமல் குடும்பத்தோடு அதற்குள் படுங்கள். தலைமாட்டில் ஒரு நோட்டும் பென்சிலும் இருக்கட்டும். யார் எத்தனை மணிக்கு விழித்தார்கள், எதனால் விழித்தார்கள், காலையில் கண்ணாடியில் எவ்வளவு நீர், பேட்டரி எத்தனை வோல்ட் என்று எழுதுங்கள். சனிக்கிழமை காலையில் அந்த நோட்டோடு கடைக்குப் போங்கள், மெத்தை வாங்க வேண்டுமா, வெறும் வலைப்பாயும் நான்கு கட்டைகளும் போதுமா என்பது அதிலேயே இருக்கும்.